இளைப்பாறிய பின் எழுந்த பெருவாழ்வு
சேர். பொன்னம்பலம் அருணாசலம் (1853 – 1924)

அரசாங்க சேவையில் இருப்பவனுக்கு இளைப்பாறும் நாள் என்பது ஒரு சோதனை நாளாகும். முப்பது, நாற்பது வருடங்களாகக் காலையில் எழுந்து கந்தோருக்குப் போய் வந்தவனுக்கு, ஒரு நாள் திடீரெனப் போக இடமில்லாமற் போகின்றது. மேசையில் கோவைகள் இல்லை. கையொப்பத்திற்கு மதிப்பில்லை. நேற்று வரை வணக்கம் சொன்னவர்கள் வேறொருவருக்கு வணக்கம் சொல்கின்றார்கள். பென்சன் பணம் மாதாமாதம் வந்துவிடும். ஆனால் பொழுதை எவ்வாறு போக்குவது, எதற்காக நாளை எழுந்திருப்பது என்ற கேள்விக்குப் பென்சன் விடை தருவதில்லை.

இக்கேள்விக்குத் தமது வாழ்வினாலேயே விடை தந்த பெருந்தகை சேர். பொன்னம்பலம் அருணாசலம் அவர்களாவார். அறுபதாவது வயதில் அரச பதவியிலிருந்து இளைப்பாறிய அவருக்கு இறைவன் அளித்தது இன்னும் பத்து ஆண்டுகளும் சில மாதங்களுமே. முப்பத்தெட்டு வருட சேவையினால் அவர் பெற்ற புகழை விட, அந்தப் பத்து வருடங்களில் அவர் தொடங்கி வைத்த பணிகளாலேயே இன்று இலங்கை வரலாற்றில் அவர் பெயர் பேசப்படுகின்றது.

குடும்பமும் கல்வியும்

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், கேற் முதலியார் பொன்னம்பலம் அவர்களுக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் மூன்றாவது புதல்வராக 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி கொழும்பில் அருணாசலம் பிறந்தார். குமாரசுவாமி, இராமநாதன் ஆகிய இருவரும் அவருடைய மூத்த சகோதரர்கள். கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை அமைத்தவர் தந்தையாரே. அவ்வாலயத்தைப் பின்னர் கருங்கல்லினால் திருப்பணி செய்வித்தவர் தமையனார் சேர். பொன். இராமநாதன் என்பதைச் சைவ மக்கள் நன்கறிவர். தாய்மாமனார் சேர். முத்துக்குமாரசுவாமி சட்டத்துறையிலும் சட்டநிரூபண சபையிலும் பெயர் பெற்ற அறிஞர். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவருடைய மைந்தர்.

அக்காலத்தில் கொழும்பு அக்கடமி என வழங்கி, பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கல்லூரியில் அருணாசலம் கற்றார். 1870இல் அரசாங்கப் புலமைப் பரிசிலைப் பெற்று இங்கிலாந்து சென்று, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ற் கல்லூரியில் சேர்ந்தார். அங்குதான் எட்வேட் காப்பென்ரர் என்ற ஆங்கில அறிஞரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. அந்த நட்பு ஆயுள் முழுவதும் நீடித்தது. சட்டமும் பயின்று பாரிஸ்டரான அவர் சட்டத்தொழிலில் ஈடுபடவே விரும்பினார். ஆயினும் மாமனாரின் அறிவுரையை ஏற்று, இலங்கை சிவில் சேவைக்கான போட்டிப் பரீட்சைக்குத் தோற்றினார். அப்பரீட்சையில் தேறி அச்சேவையிற் புகுந்த முதலாவது இலங்கையர் என்ற பெருமையுடன் 1875இல் நாடு திரும்பினார்.

பதவியிலிருந்த காலம்

சிவில் சேவையின் உயர்ந்த ஆசனங்கள் ஐரோப்பியருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. அருணாசலம் அவர்கள் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் பல ஊர்களிற் கடமையாற்றினார். 1887இல் தேசாதிபதி சேர். ஆதர் கோர்டன், பதவியில் மூத்தோர் பலர் இருக்கவும் அவரைத் தெரிந்தெடுத்துப் பதிவாளர் நாயகத்தின் பொறுப்பை ஒப்படைத்தார். மூத்தோர் முறுமுறுத்தனர். அவர் வேலையினால் மறுமொழி சொன்னார்.

பிறப்பு, இறப்பு, விவாகம், காணி உறுதி ஆகிய நான்கும் ஒரு மனிதனின் வாழ்வைத் தொடாமல் விடுவதில்லை. பதிவு ஒழுங்கீனமாயிருந்தால் ஒரே காணி இருவருக்கு ஈடு வைக்கப்படும். ஏழை வழக்குக்கு அலைவான். அந்தப் பதிவேடுகளைச் சீர்ப்படுத்தி, திணைக்களத்தை ஒழுங்குக்குக் கொண்டு வந்தவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

1901ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி நடைபெற்ற குடிசன மதிப்பு அவருடைய மேற்பார்வையிலேயே நடந்தது. இலங்கையின் சனத்தொகை 3,565,954 என அப்போது கணக்கிடப்பட்டது. அந்தக் கணக்கிற்கு அவர் எழுதிய அறிக்கை வெறும் இலக்கங்களின் தொகுப்பாக அமையவில்லை. இந்நாட்டு மக்களின் வரலாறு, சமயம், மொழி, சாதி, தொழில் ஆகியவற்றை ஆராய்ந்த அறிவு நூலாகவே அதை அறிஞர் கொண்டாடினர்.

1906இல் சட்டநிரூபண சபையிலும் 1912இல் நிருவாக சபையிலும் உத்தியோக அங்கத்தவராக அவர் இடம்பெற்றார். 1913இல் இளைப்பாறினார். சேர் பட்டமும் அவரை வந்தடைந்தது. கறுவாத்தோட்டத்து வீட்டில், நூல்களும் நண்பர்களும் சூழ, மரியாதையுடன் ஓய்வெடுக்க எல்லாம் இருந்தன. செல்வத்துக்குக் குறைவில்லை. சுவர்ணம் அம்மையாருடன் நல்ல குடும்ப வாழ்வும் அமைந்திருந்தது. பிள்ளைகளும் வளர்ந்துவிட்டனர். அவர் ஓய்வெடுத்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்.

ஏழைகளின் பக்கம்

இளைப்பாறி அதிக காலம் செல்லுமுன், 1915ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தை நிறுவி அதன் தலைவராக அமர்ந்தார். ஏழைகளுக்குக் கல்வி, நோயாளருக்கு மருத்துவ உதவி, தொழிலாளரின் வருமானத்தை உயர்த்தல் என்பவை அக்கழகத்தின் நோக்கங்கள். அன்று கனவான்களின் பொதுச்சேவை என்றால் வைபவங்களுக்குத் தலைமை தாங்குதலும் நன்கொடை வழங்குதலுமாகவே பெரும்பாலும் இருந்தது. சேரிகளில் வாழ்வோரின் நிலையை ஆராய்ந்து, அதற்குப் பரிகாரம் தேடுவதற்கென ஒரு நிரந்தர அமைப்பு வேண்டும் என்பது அவர் கருத்து.

இந்தக் கருத்து அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சிந்தித்தால் ஓர் உண்மை புலப்படும். பதிவாளர் நாயகமாக இருந்த காலத்தில், நாட்டின் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை குழந்தைகள் மாண்டன என்ற கணக்கு அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. கந்தோரில் இருக்கையில் அவை புள்ளிவிபரங்கள். அக்கணக்குகளை அறிக்கையாக எழுதி மேலிடத்துக்கு அனுப்புவதே அலுவலரின் கடமை. இளைப்பாறிய பின்னர் அந்த இலக்கங்களுக்குப் பின்னால் இருந்த மனிதரிடம் அவர் நேரே செல்ல முடிந்தது. பதவி அவருக்குக் கற்பித்ததை, பதவி இல்லாத நாளில் அவர் பயன்படுத்தினார்.

தோட்டத் தொழிலாளர் விடயத்திலும் இதுவே நடந்தது. தமிழகத்திலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மக்கள், ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு விலகினால் சிறை செல்ல வேண்டியிருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போவதானால், துண்டு எனப்படும் கடிதம் வேண்டும். அதிலே தொழிலாளரின் கடன் தொகை குறிக்கப்பட்டிருக்கும். புதிய தோட்டம் அக்கடனைக் கட்டித் தொழிலாளரை ஏற்கும். கடனோ தொழிலாளரின் தலைமேலேயே தொடர்ந்து இருக்கும். ஆட்கள் கைமாறினார்கள், கடன் மாத்திரம் தீரவில்லை.

1919ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அருணாசலம் அவர்கள் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தை ஆரம்பித்தார். மலையகத்தைச் சேர்ந்த படித்த இளைஞரான பெரி. சுந்தரம் அதன் செயலாளராக அமைந்தார். பின்னாளில், 1931இல், தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக வந்தவர் இவரே. முதியவர் ஒருவரும் இளைஞர் ஒருவரும் கைகோத்த இந்த முயற்சி, இந்திய அரசாங்கத்தின் அழுத்தம், பிற நல்லோரின் குரல் ஆகிய யாவும் ஒன்று சேர்ந்ததன் பயனாகத் துண்டு முறை 1921இல் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது. தொழிலாளரைச் சிறையிலிடும் சட்டங்களும் அக்காலத்திலேயே நீங்கின. தமது அறுபத்தாறாவது வயதில் தொடங்கிய ஒரு வேலையின் பயனை அவர் கண்ணாரக் கண்டார்.

பல்கலைக்கழகக் கனவு

கல்வித்துறையில் அவர் முயற்சி இளைப்பாறுவதற்கு ஏழு வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இலங்கைப் பிள்ளைகள் உயர்கல்விக்காகக் கடல் கடக்க வேண்டியிருந்த நிலையை மாற்ற, 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோன்றியது. அதன் முன்னணியில் நின்றவர் அருணாசலம். தாய்மொழியைத் துறந்து பெறும் கல்வி வேரற்ற மரம் போன்றது என்ற எண்ணம் அவரிடம் உறுதியாக இருந்தது. சிங்களமும் தமிழும் பாடசாலைகளில் உரிய இடம் பெற வேண்டும் என வற்புறுத்தினார்.

அரசாங்கம் உடனே இணங்கவில்லை. ஆண்டுகள் கடந்தன, உலகப் போர் வந்தது. இளைப்பாறிய பின்னரும் அவர் அம்முயற்சியைக் கைவிடவில்லை. 1921 சனவரியில் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. முழுமையான இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இலேயே உருவாயிற்று. அதைக் காண அவர் இருக்கவில்லை. ஆயினும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதியொன்று அருணாசலம் மண்டபம் என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அரசியற் களம்

1917ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆந் திகதி, இலங்கைத் தேசிய சங்கத்தின் அழைப்பை ஏற்று, இலங்கையின் அரசியல் தேவைகள் பற்றி அவர் ஓர் உரை நிகழ்த்தினார். பிரித்தானிய ஆட்சியின் கீழ் முப்பத்தெட்டு வருடம் கடமையாற்றிய ஒருவர், அந்த ஆட்சி மக்களுக்குப் பொறுப்புச் சொல்லும் ஆட்சியாக மாற வேண்டும் என வெளிப்படையாக எடுத்துரைத்தது அன்று பெரிய காரியம். ஆட்சியை உள்ளிருந்து அறிந்தவர் பேசியமையால் அப்பேச்சுக்குத் தனி வலு இருந்தது. அவ்வாண்டிலேயே இலங்கைச் சீர்திருத்தக் கழகம் அமைக்கப்பட்டது. 1917, 1918 ஆம் ஆண்டுகளின் டிசம்பர் மாதங்களில் சீர்திருத்த மாநாடுகள் நடந்தன. இறுதியில், 1919 டிசம்பர் 11ஆந் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தது. சிங்களவரும் தமிழரும் ஒன்றாக அமர்ந்த அச்சபையின் முதலாவது தலைவராக எல்லோராலும் ஏற்கப்பட்டவர் சேர். பொன். அருணாசலம்.

அந்த ஒற்றுமை எளிதில் வந்ததன்று. பிரதேசவாரியாகப் பிரதிநிதிகளைத் தெரிவு செய்தால் தமிழரின் குரல் மங்கிவிடும் என யாழ்ப்பாணச் சங்கத்தினர் அஞ்சினர். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்பதாகச் சிங்களத் தலைவர்களான ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம ஆகியோர் 1918 டிசம்பரில் எழுத்து மூலம் உறுதியளித்தனர். அந்த உறுதியை நம்பி, யாழ்ப்பாணத்தாரைச் சம்மதிக்கச் செய்தவர் அருணாசலம் அவர்களே. தமது நற்பெயரையே அவர் பிணையாக வைத்தார் எனலாம்.

1921இல் அந்த உறுதி நிறைவேற்றப்படவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் பிரதேச ஆசனங்களிற் பெரும்பாலானவை சிங்களவருக்கே கிடைத்தன. தாம் ஊன்றிய மரத்தின் நிழலை விட்டு அவர் வெளியேற வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு.

முதுமையில் வரும் தோல்வி இளமையில் வரும் தோல்வியைப் போன்றதன்று. இளைஞனுக்கு மறுபடி முயலக் காலம் இருக்கின்றது என்ற ஆறுதல் உண்டு. முதியவனுக்கு அந்த ஆறுதலும் இல்லை. ஏமாற்றத்துடன் வீட்டுக்குள் ஒதுங்கியிருந்தாலும், கசப்பையே எஞ்சிய நாட்களின் உணவாகக் கொண்டிருந்தாலும் உலகம் வியந்திராது. அவர் அப்படிச் செய்யவில்லை. 1921 ஓகஸ்டில் தமிழர் மகாசன சபை தோன்றியது. 1923இல் இலங்கைத் தமிழர் கழகம் நிறுவப்பட்டது. மொழியும் பண்பாடும் ஒற்றுமையும் வளர வேண்டும் என்ற நோக்குடன், எழுபது வயதில் மீண்டும் ஒரு சங்கத்தின் தொடக்க உரையை ஆற்ற அவர் எழுந்து நின்றார்.

அவர் கண்ட ஐக்கியம் நிலைத்திருந்தால் நாட்டின் பின்னைய வரலாறு எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை இன்று எவரும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் கொடுத்த வாக்கு காக்கப்படாதபோது ஒரு நாட்டுக்கு என்ன நேரும் என்பதைப் பின்வந்த தலைமுறைகள் தம் உடலிலும் உடைமையிலும் அனுபவித்து அறிந்தன.

உள்ளே எரிந்த விளக்கு

இத்தனை பொதுப்பணிகளுக்கிடையே அவர் சைவத் தமிழ் மகனாகவே வாழ்ந்தார். இங்கிலாந்திலிருந்து திரும்பியவர்களிற் பலர் தம் சமயத்தை மறந்த காலத்தில், அவர் திருவாசகத்தையும் புறநானூற்றையும் ஓதியுணர்ந்து, அவற்றிலிருந்து பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1890இல் இலங்கை வந்த காப்பென்ரருக்கு ஞானி ஒருவரின் தரிசனத்தைப் பெற்றுக் கொடுத்தவரும் அவரே. பொலன்னறுவையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராசர் முதலான வெண்கலத் திருவுருவங்களைப் பற்றி, அவற்றின் தத்துவத்தை விளக்கி, றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஆராய்ச்சியுரை வாசித்தார். அச்சங்கக் கிளையின் தலைவராக அமர்ந்த முதலாவது இலங்கையரும் அவரே. தில்லைக் கூத்தனின் திருநடனத்தை மேலைநாட்டார் கல்லென்றும் செம்பென்றும் எண்ணாது, ஆழ்ந்த மெய்ப்பொருளின் வடிவமென உணரும்படி செய்ததில் அவருக்கும் பங்குண்டு.

பொதுவாழ்வின் புழுதியில் அவர் சோர்ந்து விழாமைக்கு இந்த உள்விளக்கே காரணம் எனக் கொள்ளலாம். வேலையின் பலன் தமக்கென்று எண்ணாதவருக்கு, பலன் கிட்டாத நாளிலும் வேலை கசப்பதில்லை.

1923ஆம் ஆண்டின் இறுதியில் தென்னிந்தியத் திருத்தலங்களை வழிபடப் புறப்பட்டார். அந்த யாத்திரையிலேயே, 1924 சனவரி 9ஆந் திகதி, ஆலவாய் அண்ணல் வீற்றிருக்கும் மதுரையம்பதியில் அவருடைய ஆவி பிரிந்தது. எழுபது வயது. கையில் வேலை இருக்க, மனத்தில் இறைவன் இருக்க, தலவாசத்தில் வந்த முடிவு அது.

1927இல் அவருடைய ஞானக் கடிதங்களைக் காப்பென்ரர் நூலாக வெளியிட்டார். 1930இல் அவருடைய திருவுருவச் சிலை கொழும்பில் சட்டசபைக் கட்டட வளவில் நாட்டப்பட்டது. 1937இல் அவருடைய ஆய்வுகளும் மொழிபெயர்ப்புகளும் தொகுக்கப்பட்டு வெளிவந்தன. மகன் சேர். அருணாசலம் மகாதேவா 1942இல் உள்நாட்டு அமைச்சராகத் தந்தையின் வழியிற் பொதுப்பணி புரிந்தார்.

அவர் வாழ்வு காட்டும் வழி

சேர். பொன். அருணாசலம் செல்வக் குடியிற் பிறந்தவர், பேரறிஞர், பெரும் பதவி வகித்தவர். அவரைப் போல யாவராலும் ஆக முடியுமா என ஐயுறுவோர் இருக்கலாம். பட்டமும் பதவியும் ஒரு சிலருக்கே உரியன. ஆனால் அவர் இளைப்பாறிய காலத்தைக் கழித்த முறை எளியோருக்கும் ஏற்றதேயாகும்.

முதலாவதாக, அவர் இளைப்பாறும் நாள் வரை காத்திருக்கவில்லை. பல்கலைக்கழக முயற்சியைப் பதவியில் இருக்கும்போதே தொடங்கி வைத்தார். ஆகவே கந்தோரின் கதவு மூடப்பட்ட அன்று வேறொரு கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

இரண்டாவதாக, தமக்குத் தெரிந்த விடயத்திலிருந்தே புதிய பணியைத் தேடினார். குடிசனக் கணக்கு அவரை ஏழைகளிடமும் தொழிலாளரிடமும் அழைத்துச் சென்றது. ஆசிரியராக இருந்தவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாம். கணக்கு எழுதியவர் ஆலயத்தின் வரவு செலவுகளையும் சனசமூக நிலையத்தின் ஏடுகளையும் செப்பனிடலாம். தபாற் கந்தோரில் இருந்தவர் எழுதப் படிக்க இயலாத முதியோரின் விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கலாம். மருத்துவ உதவியாளராக இருந்தவரின் கைராசி வயதுடன் போய்விடுவதில்லை.

மூன்றாவதாக, எதையும் தனியே செய்ய முயலவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கழகம், ஒரு செயலாளர், ஓர் அமைப்புவிதி என வகுத்தார். இளைஞரை அருகில் வைத்துக் கொண்டார். அதனால் அவர் மறைந்த பின்னும் வேலைகள் மறையவில்லை. தலைமைக் கதிரையை இறுகப் பிடித்திருக்கும் முதியோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் நன்று.

நான்காவதாக, ஒன்று முறிந்தபோது மற்றொன்றைத் தொடங்கினார். காங்கிரஸ் கைவிட்டுப் போனது அவருக்கு ஆறாத புண்ணாயிருந்திருக்கும். ஆயினும் அப்புண்ணை ஆற்றியது வேலையேயன்றி ஓய்வன்று.

ஒவ்வொரு ஊரிலும் இளைப்பாறியோர் இருக்கின்றார்கள். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட, பெரிய வீடுகளில் தனித்திருக்கும் முதியோரும் பலர். போரினாலும் இடப்பெயர்வினாலும் ஊர்கள் இழந்த பலவற்றை மீண்டும் கட்டுவதற்கு அவர்களுடைய அனுபவம் வேண்டியிருக்கின்றது. நாளை செய்ய ஒரு வேலை உண்டு, தம்மை எதிர்பார்க்க ஒருவர் உண்டு என்ற நினைப்பே முதுமைக்கு நல்ல மருந்து. அந்த மருந்தை அறுபதாவது வயதில் உட்கொள்ளத் தொடங்கி, எழுபது வயது வரை தவறாது உட்கொண்டவர் சேர். பொன்னம்பலம் அருணாசலம். அப்பெரியாரின் வழி நின்று, உடலில் வலுவும் அறிவில் தெளிவும் உள்ள வரை ஊருக்கும் ஆலயத்துக்கும் பணி செய்யும் பேற்றினை எல்லோருக்கும் எல்லாம் வல்ல எம்பெருமான் அருள்வாராக.